ஆறாம் பக்கம்

உவர்மலையில், இழுத்தால் முனகும் கதவுள்ள மண்டபத்தில்
மூன்று நாள் அறிமுகப் பயிற்சி.
பதிவுத் தாளில் தொழில் என்ற இடத்தில்
‘கண்ணாடி நார் ஒட்டுபவள்’ என்று எழுதினேன்.
கிண்ணியா றிஸ்மியா எட்டிப் பார்த்து
‘பூக்கட்டுற மாதிரி இருக்கு’ என்றாள்.

பதினோரு வருடமாய் ஒட்டுகிறேன்.
மூதூர் வீதியில், மழையில், வானின் பின்கதவுக்குள் குந்தியிருந்து
தலைமயிர் தடிப்பு இழைகளை
துடைத்து, நுனி வெட்டி, நேர் பார்த்து.
அதற்குள் ஓடுவது எங்கே பிறக்கிறதென்று
ஒரு நாளும் கேட்டதில்லை.
குழாய் பொருத்துகிறவன்
மழையைப் பற்றிக் கேட்பானா?

பயிற்சியாளர் கேதாரிணி, என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
தட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்தாள்.
கருஞ்சாம்பல் வட்டத் தகடு. எங்கள் முகங்கள் அதில் கலங்கித் தெரிந்தன.
‘இந்தியம் பொஸ்பைட்டு. மேலே தும்மிப் போடாதீங்க.’
இந்தியாவில் இருந்தா என்று யாரோ கேட்டார்.
இல்லையாம். முதன்முதலில் கண்டவர்கள்
நிறமாலையில் அவுரி நீலத்தில் ஒரு கோடு பார்த்தார்களாம்,
அதனால் வந்த பெயராம்.
பின்வரிசையில் துறைமுகப் பட்டறை இந்துனில் கை உயர்த்தினான்:
‘என்ட பெயரும் நீலம்தான், மிஸ்.’
அதன் பிறகு அவன் எங்களுக்கு ‘மூலகம்’.

பலகையில் இரண்டு படி வரைந்தாள்.
மேல்படி இலத்திரன் கீழ்ப்படிக்கு விழவேண்டும்.
சிலிக்கனில் கீழ்ப்படி கொஞ்சம் தள்ளி இருக்கிறது;
பக்கவாட்டில் இடிபட்டு இறங்குவதில்
எல்லாம் சூடாகவே போய்விடும்.
இதிலோ படிக்கு நேர் கீழே படி.
கிணற்றில் கல் போட்ட மாதிரி.
விழுந்தால் ஒளி.

பிறகு ஒரு துண்டை உடைத்துக் காட்டினாள்.
ஓரத்தில் வைர முனையால் ஒரு கீறல்,
பின்பக்கம் ஒரு தொடுகை,
சத்தமே இல்லை,
பளிங்கு தனக்குத் தெரிந்த கோட்டில் பிரிந்தது.
அந்த முகம்தான் லேசருக்குள் கண்ணாடியாம்.
யாரும் தேய்த்து மினுக்கத் தேவையில்லையாம்.
நுனி வெட்டி வெட்டி விரல் காய்த்தவள் நான்.
பொறாமையாக இருந்தது.

இரண்டாம் நாள் ஒளியைக் கொழுத்தினாள்.
தகட்டின் மேல் படலம் படலமாய் வேறு கலவை வளர்த்துச் செய்த
கடுகளவு லேசர்.
ஆயிரத்து ஐந்நூற்றைம்பது நனோமீற்றர்,
கண்ணாடி ஆகக் குறைவாய் விழுங்கும் நிறம்.
நிறம் என்றுதான் சொன்னாள். நாங்கள் ஒன்றையும் காணவில்லை.
றிஸ்மியாவின் போன் கமராவும் காணவில்லை.
மானியின் முள் மட்டும் எழும்பி நின்றது.

மூன்றாம் நாள் பரீட்சை.
ஸ்கூட்டர் கூடையில் வைத்த குறிப்பை
ஒரு மான் தின்றுகொண்டு நின்றது.
இந்த ஊர் மான்கள் சோற்றுப் பார்சல் தின்னும்,
தேர்தல் நோட்டீஸ் தின்னும்,
பொலிசில் சொன்னால் சிரிப்பார்கள்.
பிடுங்கினேன். ஐந்து பக்கம் மிஞ்சியது.
ஆறாம் பக்கம், ‘பயன்பாடுகள்’, அதன் வாயில்.

கேள்வி பத்து: பயன்பாடுகள் மூன்று தருக.

ஒன்று. போன மார்கழி, வெருகல் பக்கம் நார் அறுந்த இரவு.
ஈச்சிலம்பற்றில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டது.
டோகாவில் இருக்கும் தகப்பனுக்குச் சொல்ல வழியில்லாமல்
அவளுடைய தங்கச்சி வந்து
எனக்கும் மெசினுக்கும் சேர்த்துக் குடை பிடித்தாள்.
நாலு மணிக்கு ஒட்டி முடித்தேன்.
இழப்பு பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு.
குடைக்குள் போன் அடித்தது.

இரண்டு. றிஸ்மியாவின் தம்பி விடிய விடிய ஆடும்
துப்பாக்கிச் சண்டை விளையாட்டு.

மூன்று. மான் தின்றுவிட்டது.

பத்துக்கு ஆறு போட்டிருந்தாள் கேதாரிணி.
மூன்றாவதுக்கும் அரைப் புள்ளி என்று
றிஸ்மியா இன்னமும் சாதிக்கிறாள்.

அடுத்த கிழமை கப்பல்துறையில்
பெக்கோ மெசின் கேபிளைக் கிழித்துவிட்டது.
சேறு கழுவி, உறை உரித்து, நுனி வெட்டினேன்.
எப்போதும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
எங்கேயோ ஒரு கடுகுக்குள்
நேர் கீழே விழுந்த ஒன்று
என் விரல் நுனிவரை
வந்துகொண்டிருந்தது.